மாமன் மடியும் அக்காவின் வாயும்

தங்கச்சிமடம்
6 ஜூலை 2025

அக்காவுக்கு,

மூன்று நாளாக நீ போன் எடுக்கவில்லை. எடுத்தாலும் நான் "ம்", "சரி" என்று சொல்லப் போகிறேன், நீ கோபப்பட்டு வைத்துவிடப் போகிறாய். அதனால் எழுதுகிறேன். தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவன் கடுதாசி எழுதினால் யாரும் சிரிக்கப் போவதில்லை.

நேராகவே கேட்டுவிடுகிறேன். ஏர்வாடிக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது, துணைக்கு வா என்று கூப்பிட்டாய். உன் பிள்ளை மதுமதிக்குக் காய்ச்சல் வந்தபோது நேர்ந்துகொண்டது என்றாய். நானும் லீவு போட்டுவிட்டு வந்தேன். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த நேர்த்தி எனக்காக என்று தெரிந்தது. தர்காவுக்குப் பக்கத்தில் மூன்று நாளைக்கு ரூம் வேறு பேசி வைத்திருந்தாய். தர்காவில் உட்கார்ந்திருந்த அப்துல் அஜீஸ் பெரியவரிடம், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "சின்னப் புள்ளையில இருந்தே இவன் யாருகிட்டயும் பேசுறதில்லைங்க, ஏதோ புடிச்சிருக்கு" என்று சொன்னாய்.

தர்கா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ பூ வாங்கப் போயிருந்த நேரத்தில் அந்தப் பெரியவர் என்ன வேலை, எந்த ஊர் என்று விசாரித்தார். பத்து நிமிஷம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தோம். நீ வந்ததும் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு நீ என் முகத்தையே பார்க்கவில்லை. மறுநாள் காலையிலேயே ரூமைக் காலி செய்துவிட்டு பஸ் ஏறினோம். வழி நெடுக நீ ஒரு வார்த்தை பேசவில்லை.

யாரிடமும் பேசுவதில்லையா நான்? காலையில் கவுண்டரைத் திறந்தால் சாயங்காலம் மூடும் வரை பேச்சுதான். பென்ஷன் ஏன் வரவில்லை, பாஸ்புக்கில் பெயர் ஏன் தப்பாக இருக்கிறது, பார்சல் எங்கே மாட்டிக்கொண்டது. லீமாரோஸ் என்று ஒரு அம்மா, வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய பார்சலுக்காக ஒரு மாதமாகத் தினமும் வருகிறார். தினமும் அவருக்குப் பதில் சொல்கிறேன். மகன் சின்ன வயதில் என்னவெல்லாம் சேட்டை செய்தான் என்று அவர் சொல்ல, நான் கேட்கிறேன். எல்லாரும் போன பிறகு எனக்குள் மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. ரூமுக்கு வந்து ஃபேனைப் போட்டுவிட்டுச் சும்மா படுத்துவிடுவேன். அது நோய் இல்லை அக்கா, அசதி.

ஆவணியில் மதுமதிக்குக் காதுகுத்து என்று மச்சான் சொன்னார். இந்தத் தடவை என்னை விட்டுவிடு. ஏதோ பிடித்தவன் மடியில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டாம். சித்தப்பா மகன்கள் இருக்கிறார்கள், யாரையாவது கூப்பிட்டுக்கொள்.

வீரமணி

கருவேலங்குளம்
15 ஜூலை 2025

ஏலே வீரமணி,

உன் கடுதாசி வந்தது. போஸ்ட்மேன் கையில் கவரைப் பார்த்ததும் தெருவே கூடிவிட்டது. "என்ன சண்முகவள்ளி, கோர்ட்டு நோட்டீசா?" என்கிறார்கள். இந்தக் காலத்தில் எவன்டா கூடப் பிறந்த அக்காவுக்குக் கடுதாசி எழுதுவான்? வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா உனக்கு?

சித்தப்பா மகனைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டுமாம்! எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். கூடப் பிறந்த தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அடுத்தவன் மடியில் என் பிள்ளைக்குக் காது குத்தினால் ஊர் காறித் துப்பாதா? எனக்கு என்ன பத்துத் தம்பியா இருக்கிறார்கள்? அம்மாவும் இல்லை, அய்யாவும் இல்லை. பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருப்பது உன் மடி ஒன்றுதான்.

நீ கவுண்டரில் நாள் முழுக்கப் பேசுகிறாய், சந்தோஷம். என் வீட்டுக்கு வந்தால் மட்டும் வாயில் கொழுக்கட்டையா? என் நாத்தனார் அமுதவள்ளி வீட்டுப் பால்காய்ப்புக்கு வந்தாயே, கை நனைத்தாயா? இலை போடுகிற நேரத்தில் காணாமல் போனாய். சாப்பிடாமல் போவது அந்த வீட்டை அவமானப்படுத்துகிற மாதிரி என்று உனக்குத் தெரியாதா? இன்றைக்கு வரைக்கும் அவள் சொல்லிக் காட்டுகிறாள், "ஒங்க தம்பிக்குக் கவர்மெண்டு வேலைங்கிற மண்டக்கனம்" என்று. ஒருத்தி உம்மணாமூஞ்சி என்கிறாள், ஒருத்தன் கல்லுளிமங்கன் என்கிறான். எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொல்கிறேன். "கூச்ச சுபாவம், பயந்த பிள்ளை, போகப் போகச் சரியாயிருவான்" என்று சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது.

அய்யா செத்த அன்றைக்கு ஊரே மாரடித்து அழுதது. நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கொள்ளி வைத்துவிட்டு வந்து நேராக மோட்டார் ரூமில் போய் உட்கார்ந்துகொண்டாய். பெற்ற தகப்பனுக்கு அழாதவன் நெஞ்சில் என்ன இருக்கும் என்று கேட்டார்கள். எனக்கும் சந்தேகம் வந்தது, மறைக்கவில்லை.

பரமக்குடியில் ஜெயப்பிரியாவைப் பார்க்கப் போனோம். எவ்வளவு லட்சணமான பெண். மறுநாள் போன் போட்டு, "பையன் மூஞ்சி குடுத்தே பேசலையே, மனசில்லாதவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தீகளா?" என்று கேட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகு உனக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று நினைத்தது என் தப்பா? என்னோடு நூறு நாள் வேலைக்கு வருகிற நூர் நிஷா அக்காதான் சொன்னாள், "ஒரு நடை ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வா வள்ளி, மனசு லேசாகும்" என்று. உண்மையைச் சொன்னால் நீ வரமாட்டாய். பொய் சொன்னேன்.

செப்டம்பர் 4, வியாழக்கிழமை, ஆவணி 19. எங்கள் குலசாமி கோயிலில் காதுகுத்து. ஊர் எல்லையிலிருந்து மேளத்தோடு சீர்த்தட்டு எடுத்து நீ வர வேண்டும். வரவில்லை என்றால் உனக்கு அக்கா இல்லை என்று நினைத்துக்கொள். இப்படி எழுதியதை ஒரு தடவை அடித்துவிட்டுத் திரும்பவும் எழுதுகிறேன்.

சண்முகவள்ளி

தங்கச்சிமடம்
27 ஜூலை 2025

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். படிக்கும்போது உன் சத்தம் காதில் கேட்டது. கோபம் வரவில்லை, களைப்பாகத்தான் இருந்தது. முப்பத்துமூன்று வயதில் ஒருவன் தான் நல்லபடியாகத்தான் இருக்கிறேன் என்று உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

அய்யா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது பந்தலில் இருந்த அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவன் எப்போது அழுவான் என்று. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு அழுகை வராது. மோட்டார் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் அழுவது வெளியே கேட்கக் கூடாது என்று மோட்டாரைப் போட்டுவிட்டேன். பொழுது சாயும் வரை ஓடியது. வெறும் வயலில் தண்ணீரை வீணாக்கிவிட்டான் என்று மறுநாள் எல்லார் முன்னாலும் நீ என்னைத் திட்டினாய். உனக்கு நினைவிருக்கிறதா, தெரியவில்லை.

அமுதவள்ளி வீட்டுக்கு நான் காலை ஆறு மணிக்கே வந்தேன். நாற்காலி இறக்கினேன், தண்ணீர் டிரம் தூக்கினேன். காதுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. பதினான்கு பேர் எப்போது கல்யாணம் என்று கேட்டார்கள். தலை கிறுகிறுத்தது. ஒரு மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வந்து சாப்பிடலாம் என்று கண்மாய்க் கரைக்குப் போனேன். திரும்பி வந்தபோது நீ வாசலில் நின்றுகொண்டு, எனக்கு வயிற்றுப்போக்கு என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். அதற்கு மேல் நான் எப்படி உள்ளே வந்து இலையில் உட்காருவது?

கூச்சம், பயம் என்று சொல்கிறாயே, எனக்குப் பயம் இல்லை. போன மாதம் இராமநாதபுரத்தில் நடந்த சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து இருபது நிமிஷம் பேசினேன். பேச வேண்டிய விஷயம் இருந்தது, பேசினேன். மனிதர்களைப் பிடிக்காதவன் என்றும் நினைக்காதே. கீழ் வீட்டு பெஞ்சமின் அண்ணன் கடலுக்குப் போகாத நாளில் வாசலில் உட்கார்ந்து வலையைச் சரிபார்ப்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "போஸ்ட்மாஸ்டர் சார் மாதிரி பேச்சுத்துணை கெடைக்காது" என்று வீட்டில் சொன்னாராம். இந்த இரண்டு வருஷத்தில் நான் அவரிடம் மொத்தம் நாற்பது வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

ஜெயப்பிரியா என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாள். நான் வேலை பார்க்கும் இந்தத் தீவில் இருப்பது பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். சமைக்கத் தெரியுமா என்று கேட்டாள். எனக்கு யோசித்தால்தான் வார்த்தை வரும். நான் யோசித்து வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அவனுக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான்மா. சுடுதண்ணி கூட வைக்கத் தெரியாது, நீதான் வந்து பாத்துக்கிறணும்" என்றாய். எனக்குத் தீவு பிடித்திருக்கிறது அக்கா. மீன் குழம்பு நன்றாக வைப்பேன். இதைத்தான் சொல்ல இருந்தேன். அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

காதுகுத்துக்கு வருகிறேன் என்று எழுதக் கை வரவில்லை. வரமாட்டேன் என்று எழுதவும் முடியவில்லை. மதுமதியை மடியில் வைத்துக்கொள்ள எனக்கு ஆசை இருக்காதா? ஆனால் ஏர்வாடிக்குப் போய்விட்டு வந்தானே, தெளிந்துவிட்டானா என்று பார்ப்பதற்காகவே ஒரு கூட்டம் வரும். அதன் நடுவில் உட்கார எனக்குத் தெம்பு இல்லை.

வீரமணி

கருவேலங்குளம்
9 ஆகஸ்ட் 2025

தம்பி,

மோட்டார் விஷயத்தைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அங்கனயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வீணாகப் போச்சே என்று அன்றைக்கு என்ன பேச்சுப் பேசினேன் உன்னை. கேட்டுக்கொண்டு நின்றாயே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பாவி, பன்னிரண்டு வருஷம் கழித்துக் கடுதாசியில் சொல்கிறாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல வாய் வராமல்தான் பத்து நாளாகப் பதில் எழுதவில்லை. ஜெயப்பிரியாவுக்கு வைகாசியிலேயே கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை திருப்பூராம். உனக்குப் பிடித்திருந்தது என்று ஒரு சாடை காட்டியிருந்தால் அவர்கள் வீட்டு வாசலில் போய் விழுந்தாவது முடித்திருப்பேன். ஆனால் உன்னைக் காட்டவே விடாதது நான்தானே. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

என்னையும் கொஞ்சம் கேள். நான் பேச்சுக்கென்றே பிறந்தவள் என்று ஊர் நினைக்கிறது, நீயும் நினைக்கிறாய். அம்மா போனபோது எனக்குப் பதினாலு வயது, உனக்கு ஒன்பது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் உன்னைப் பார்ப்பார்கள், "இவன் ஊமையா?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதற்குள் நான் ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவேன். வாத்தியார் உன் பேரைக் கேட்டால் நான் சொல்லுவேன். கண்டக்டர் எங்கே இறங்கணும் என்று கேட்டால் நான் சொல்லுவேன். உனக்கும் சேர்த்துப் பேசிப் பேசி அதுவே எனக்குப் பழக்கமாகிவிட்டது. இப்போது வாயை மூடினால் பயமாக இருக்கிறது. அந்த நேரத்தில் யாராவது உன்னை ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று இருக்கிறது. வாக்கப்பட்டு வந்த வீட்டிலும் இதே கதைதான். படுத்தால் தூக்கம் வருவதில்லை. பகலில் பேசியதெல்லாம் மண்டைக்குள் ஓடுகிறது.

அந்தப் பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு என்ன சொன்னார் என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். "தம்பி நல்லாத்தான் இருக்காரும்மா. நீங்கதான் ரொம்ப நாளாத் தூங்கலை போல. ஒங்களுக்காகத் துஆ செய்யிறேன், அல்லாஹ் லேசாக்குவான்" என்றார். உனக்கென்று வாங்கி வைத்திருந்த கயிற்றை என் கையில் கட்டிவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதனால்தான் மறுநாளே கிளம்பினேன், அதனால்தான் பஸ்ஸில் பேசவில்லை. ஊரில் வந்து, தம்பிக்கு மந்திரித்துக்கொண்டு வந்தேன் என்று சொல்லிவிட்டேன். அது அடுத்த பொய்.

பிளக்ஸில் உன் படத்தைப் போட வேண்டாம் என்று மச்சானிடம் சொன்னேன். தாய்மாமன் படம் இல்லாத காதுகுத்துப் பிளக்ஸ் உலகத்தில் உண்டா என்று குதித்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் சரி என்றுவிட்டார். மேளத்தையும் மைக்கையும் என்னால் நிறுத்த முடியாது, அது அவர்கள் வீட்டு ஆசை.

வருவாயா மாட்டாயா, அதை மட்டும் எழுது. சித்தப்பா மகனிடம் இன்னும் நான் கேட்கவில்லை. எனக்கு முடியலைடா.

அக்கா

தங்கச்சிமடம்
22 ஆகஸ்ட் 2025

அக்கா,

வருகிறேன்.

புதன்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவேன். காலையில் ஊர் எல்லையிலிருந்து சீர்த்தட்டோடு நடந்து வருகிறேன். மாலையைப் போடு, துண்டைக் கட்டு, எல்லாவற்றுக்கும் நிற்கிறேன். பிள்ளை எவ்வளவு நேரம் அழுகிறதோ அவ்வளவு நேரமும் என் மடியில் இருக்கட்டும்.

அது முடிந்ததும் எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும். ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்துவிட்டு, பிறகு வந்து எல்லாரோடும் இருப்பேன். அந்த நேரத்தில் யாராவது தாய்மாமன் எங்கே என்று கேட்டால் நீ எனக்காக மன்னிப்புக் கேட்காதே. வயிறு சரியில்லை, தலை சரியில்லை என்று எதையும் சொல்லாதே. கூச்சம் என்று கூடச் சொல்ல வேண்டாம். இது ஒன்றைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்தபோது ஒன்று உறைத்தது. நீ எனக்காகப் பேசியதை நான் வசதியாக எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் கண்டக்டர் கேட்கும்போது எனக்கும் வாய் இருந்தது. அக்கா சொல்லிவிடுவாள் என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாதவன் மனசில் பெரிய ஞானம் இருக்கும் என்றும் சிலர் நம்புகிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. பாதி நேரம் என் தலைக்குள் ஒன்றுமே ஓடாது. அந்த நேரத்திலும் நீ எனக்காக யாரிடமாவது மல்லுக்கு நின்றிருப்பாய்.

ஜெயப்பிரியா நன்றாக இருக்கட்டும். அதை நீ மனசில் போட்டுக்கொள்ளாதே. எனக்கும் கொஞ்ச நாள் வலிக்கும், பிறகு சரியாகிவிடும்.

வீரமணி

கருவேலங்குளம்
10 செப்டம்பர் 2025

தம்பி,

ஊர் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வார்த்தை அனுப்பினாய், பார்த்தேன். இனி நம் விஷயத்தைக் கடுதாசியில்தான் பேச வேண்டும் போல. யோசித்துப் பதில் சொல்ல உனக்கு நேரம் கிடைக்கிறது.

நீ மேளத்துக்கு நடுவில் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்ததை எக்கி எக்கிப் பார்த்தேன். பாதகத்தி மதுமதி உன் கையைக் கடித்து வைத்தாளே, ஆறிவிட்டதா? ஒரு காது குத்தி முடிந்ததும் ஊரைக் கூட்டினாள். நீ அவள் காதோடு காதாக ஏதோ சொன்னாய், இரண்டாவது காதுக்கு அடங்கி உட்கார்ந்தாள். என்ன சொன்னாய் என்று அவளிடம் கேட்டேன். சொல்ல மாட்டாளாம்.

நீ எழுந்து போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, ஆரம்பித்துவிட்டார்கள். "மாமன்காரன் எங்க?" என்று ஒருத்தர். "இன்னைக்கும் சாப்பிடாம ஓடிட்டானா?" என்று இன்னொருத்தர். அமுதவள்ளி என் பக்கத்தில் வந்து நின்று, "ஏன் மதினி, ஏர்வாடிக்குப் போயும் தெளியலையா?" என்றாள். சுற்றி எட்டுப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றுப்போக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டதுடா. பித்தம், கிறுகிறுப்பு, ஆபீசிலிருந்து போன், எல்லாம் வரிசையாக வந்து நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். "இங்கனதான் இருக்கான்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு கறி எப்படி இருக்கிறது என்று பேச்சு மாறிவிட்டது. அவ்வளவுதான் தம்பி! இதற்கா இருபத்துநாலு வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன்?

அதற்குப் பிறகுதான் இரண்டு இலையில் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் டிராக்டர் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தேன். நீ கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாய், உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆயிரம் கேட்க இருந்தது. ஏர்வாடிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், ஜெயப்பிரியாவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். உட்கார்ந்த பிறகு எதுவும் தோன்றவில்லை. மைக்கில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். உன்னைப் பார்த்தேன். நீ போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை, ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தாய். எனக்கும் எழுந்திருக்க மனசு வரவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போனேன்.

போனதும் அமுதவள்ளி பிடித்துக்கொண்டாள். "எங்க போயிட்டீக, என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீக?" என்றாள். "சும்மா இருந்தேன்" என்றேன். அவள் மிரண்டு போய் மச்சானிடம் ஓடினாள். "அண்ணே, மதினிக்கு ஒடம்பு ஏதும் சரியில்லையா? பேசவே மாட்டேங்குறாக" என்று கேட்டது எனக்கே கேட்டது. மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படி வந்து தொட்டுப் பார்த்ததில்லை. காய்ச்சல் இல்லை என்று நானும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கை அங்கேயே இருக்கட்டும் என்று பேசாமல் நின்றேன்.

அக்கா
சண்முகவள்ளி